உழைப்புக்குச் சாட்சி எங்கே?

(கமக்காரரும் உத்தியோகத்தரும் கூடிய மாலைக் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பட்ட பேச்சு)



இத்தகைய மேடையிலே பேச எழுபவர்கள் காணியைப் பற்றிப் பேசுவர். மொழியைப் பற்றிப் பேசுவர். அதிகாரப் பகிர்வைப் பற்றிப் பேசுவர். அவை யாவும் பேசப்பட வேண்டியவையே. இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் அவற்றிலும் சிறியதுபோலத் தோன்றலாம். ஒருவன் இருபது ஆண்டு உழைக்கிறான். பின்னர் ஒரு நாள் அவன் உடல் முறிந்துவிடுகிறது. அன்று அரசாங்கம் அவனுக்கு என்ன கடன்பட்டிருக்கிறது? அக்கடனைக் கேட்பதற்கு அவன் கையில் என்ன இருக்கவேண்டும்? இவையே எம் வினாக்கள்.

எமக்கு இந்நினைவு வந்த வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகின்றோம். எம் ஊர்ப்புறத்திலே பனையேறி ஓலை வெட்டிப் பிழைத்த ஒருவர் இருந்தார். வேலி அடைக்கும் காலத்திலும் வீடு மேயும் காலத்திலும் அவரைத் தேடாத வீடில்லை. மழைக்காலத்திலே கூலிக்கு வயலில் இறங்குவார். இருபத்தாறு ஆண்டுகள் இவ்வாறு உழைத்த பின்னர் ஒரு காலை மட்டையொன்று கழன்று, அவர் நிலத்தில் விழுந்து முள்ளந்தண்டு முறிந்தது. சில மாதங்களுக்குப் பின் அவரை ஒரு காரியாலயத்துக்கு அழைத்துச் சென்றோம். அங்கிருந்த உத்தியோகத்தர் கடுமையானவரல்லர். நாற்காலியை அவரே இழுத்துப் போட்டார். ஆனால் மூன்று வினாக்களைக் கேட்டார். யாரிடம் வேலை செய்தீர்கள்? சம்பளச் சிட்டை உண்டா? சந்தா கட்டிய புத்தகம் ஏதும் உண்டா? மூன்றுக்கும் இல்லை என்பதே விடை. அப்படியானால் ஏழைகளுக்கான உதவிப் பணத்துக்கு விண்ணப்பியுங்கள் என்று ஒரு படிவத்தைத் தந்தார். திரும்பும் வழியில் அவர் எம்மைப் பார்த்து, “மரந்தான் சாட்சி எண்டு சொல்லியிருக்கலாம், தம்பிமார்” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

அன்பர்களே, அவர் கேட்டது பிச்சையன்று. தந்த படிவமோ பிச்சைக்குரியது. உதவிப் பணம் கேட்பவனை நோக்கி அரசாங்கம், “நீ எவ்வளவு ஏழை?” என்று வினவும். உழைப்பின் பேரில் உரிமை கேட்பவனை நோக்கி, “நீ எவ்வளவு உழைத்தாய்?” என்று வினவும். முதல் வினாவுக்கு விடையிறுப்பவன் தலை குனிகிறான். இரண்டாவது வினாவுக்கு விடையிறுப்பவன் தலை நிமிர்ந்து தன் கணக்கைக் காட்டுகிறான். ஆனால் காட்டுவதற்குக் கணக்கு இருக்கவேண்டும் அல்லவா?

உழைப்பையே அளவுகோலாக வைத்து, உடல் தளர்ந்தவனுக்கு மாதந்தோறும் பணம் வழங்கும் சட்டங்கள் உலகில் பல உள. அவற்றுள் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சட்டத்தை இன்று உங்கள் முன் விரித்துவைக்க விரும்புகின்றோம். அந்நாட்டைப் புகழ்வதற்காக அன்று. ஒருவனது உழைப்பை எண்ணிக் கணக்கிட்டு, இத்தனை இருந்தால் உரிமை உண்டு, இத்தனை குறைந்தால் இல்லை என்று அச்சட்டம் வெளிப்படையாகச் சொல்கிறது. அதன் நன்மையும் வெளிப்படை, குற்றமும் வெளிப்படை. எம் பிள்ளைகள் சிலர் இன்று அந்நாட்டில் உழைப்பதால் அவர்களுக்கும் இது பயன்படும்.

1935 ஓகஸ்ற் 14 ஆந் திகதி ரூஸ்வெல்ற் அவர்கள் கையெழுத்திட்ட சமூகப் பாதுகாப்புச் சட்டத்திலிருந்தே இக்கதை தொடங்குகிறது. முதுமைக்குப் பணம் தருவது அச்சட்டத்தின் நோக்கங்களுள் ஒன்று. இயலாமைக்கான காப்புறுதி அதில் இல்லை. அதனினும் முக்கியமாக, கமத்தொழிற் கூலிகளும் வீட்டு வேலை செய்வோரும் புறத்தே விடப்பட்டனர். சொந்தத் தொழில் செய்வோரும் அவ்வாறே. தெற்கு மாநிலங்களின் பருத்தி வயல்களிலும் பிறர் அடுக்களைகளிலும் உழைத்த கறுப்பின மக்களுள் பெரும்பாலோர் இவ்வாறு வெளியே நின்றனர். அதன் நோக்கம் யாது என்பது பற்றி வரலாற்றாசிரியர்கள் வாதிடுகின்றனர்; விளைவு பற்றி வாதமில்லை. மிகக் கடினமாக உழைத்தவன் ஏட்டில் உழையாதவனாகவே நின்றான்.

கதவு மெல்ல மெல்லத்தான் திறந்தது. 1950 ஆம் ஆண்டின் திருத்தம் நிரந்தரமாக வேலை செய்யும் கமக் கூலிகளையும் வீட்டு வேலையாட்களையும் உள்ளே சேர்த்தது. 1954 ஆம் ஆண்டின் திருத்தத்தால் சொந்தக் காணியில் பாடுபடும் கமக்காரர் சேர்ந்தனர். அதே திருத்தம், இயலாமையால் உழைக்க முடியாத ஆண்டுகள் ஒருவனது முதுமைப் பணத்தைக் குறைத்துவிடாதபடி அவனது கணக்கை உறையவைக்கும் ஏற்பாட்டையும் தந்தது. பணம் தரவில்லை; கணக்கை மட்டும் காத்தது.

1956 ஆம் ஆண்டிலேதான் பணம் வந்தது. எளிதாக வரவில்லை. அமெரிக்க வைத்தியர் சங்கம் எதிர்த்தது. ஐசன்ஹோவர் அரசாங்கமும் விரும்பவில்லை. செனற் சபையிலே 47 பேர் ஆதரித்தும் 45 பேர் எதிர்த்தும் வாக்களித்தனர். இரண்டே வாக்குகள்! ஓகஸ்ற் முதலாந் திகதி ஐசன்ஹோவர் கையெழுத்திட்டார். அதுவும் 50 வயதுக்கும் 64 வயதுக்கும் இடைப்பட்டவர்களுக்கு மட்டுமே. 1960 இல்தான் அந்த வயதெல்லை நீங்கி, இளைஞனும் உரிமை பெற்றான். சட்டத்தரணிகள் 1956 இல் உள்ளே வந்தனர். எதிர்த்து நின்ற வைத்தியர்களோ, சொந்தமாகத் தொழில் புரிபவர்கள் என்ற வகையில், 1965 இல் தாமும் சேர்க்கப்பட்டனர். இங்கே முன்வரிசையிலிருக்கும் வைத்தியர்கள் எம்மைக் கோபியாதிருப்பார்களாக. கமக்காரன் பதினோராண்டுகள் முந்திக்கொண்டான் என்பதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

1956 என்றவுடனே இவ்வவையில் உள்ளோர்க்கு வேறொரு சட்டம் நினைவுக்கு வந்திருக்கும். அந்த ஆண்டின் யூன் மாதத்திலே எமது பாராளுமன்றம் எச்சட்டத்தை நிறைவேற்றியது என்பதை நாம் கூறவேண்டியதில்லை. இரு சட்டங்களும் ஒன்றோடொன்று தொடர்பற்றவை. ஆயினும் அரசாங்கத்தின் ஏட்டிலே யார் பெயர் ஏறும், யார் பெயர் ஏறாது என்பதே இரண்டின் உள்ளும் கிடந்த வினா. 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் மலையகத்துத் தேயிலைத் தோட்ட மக்கள் ஏட்டிலிருந்து நீக்கப்பட்ட கொடுமையைக் கண்ட நமக்கு, பருத்தி வயற் கூலியின் கதை அந்நியமானதன்று.

இனி அச்சட்டம் உழைப்பை எண்ணும் முறையைச் சொல்கின்றோம். சற்றுப் பொறுமையுடன் கேளுங்கள், எண்கள் வரும்.

உழைப்பவனிடமிருந்து நூற்றுக்கு 6.2 வீதமும், வேலை கொடுப்பவனிடமிருந்து அதே அளவும் சமூகப் பாதுகாப்பு வரியாக எடுக்கப்படுகிறது. சொந்தத் தொழில் செய்பவன் இரு பங்கையும் தானே கட்டவேண்டும், அவனுக்கு 12.4 வீதம். இவ்வாறு வரி கட்டிய சம்பாத்தியம் ஒவ்வொரு ஆண்டும் அவன் பெயரில் பதியப்படும். அப்பதிவிலிருந்து அவனுக்குக் ‘கிரெடிட்’ கிடைக்கும். கணக்குப் புத்தகத்துச் சொல்லால் அதனை வரவு என்போம். 2025 ஆம் ஆண்டில் 1,810 டொலர் சம்பாத்தியத்துக்கு ஒரு வரவு. ஆண்டொன்றுக்கு நான்கு வரவுகளே உச்ச அளவு. ஆகவே 7,240 டொலர் சம்பாதித்தவனுக்கும், அதனைப்போல் இருபது மடங்கு சம்பாதித்தவனுக்கும் அவ்வாண்டு நான்கே. தகுதியைத் தீர்மானிப்பதில் செல்வனுக்கும் கூலிக்கும் வேறுபாடில்லை என்பது இங்கே பாராட்டத்தக்கது. கிடைக்கும் பணத்தின் அளவு மட்டும் வாழ்நாட் சம்பாத்தியத்தைப் பொறுத்து மாறும்.

எத்தனை வரவுகள் வேண்டும்? அது வயதைப் பொறுத்தது. இளைஞன் நெடுங்காலம் உழைத்திருக்க முடியாதென்பதைச் சட்டம் அறியும். 24 வயதுக்கு முன் ஒருவன் வலுவிழந்தால், அதற்கு முந்திய மூன்றாண்டுக் காலத்தில் ஆறு வரவுகள் போதும். அஃதாவது ஒன்றரை ஆண்டு உழைப்பு. 24 முதல் 31 வயதுக்குள் என்றால், 21 வயதிலிருந்து நோய் கண்ட நாள்வரையுள்ள காலத்தில் பாதி. 27 வயதில் விழுந்தவனுக்கு இடைப்பட்டது ஆறாண்டு; பாதி மூன்றாண்டு; ஆகப் பன்னிரண்டு வரவுகள். 31 வயதுக்கு மேற்பட்டவனுக்கோ இரு தேர்வுகள் உண்டு. வாழ்நாள் முழுவதும் சேர்த்த வரவுகள் வயதுக்கேற்பப் போதியனவாக இருக்கவேண்டும். 42 வயதில் 20, 50 வயதில் 28, 62 வயதில் 40 என அது ஏறிச் செல்லும். அத்துடன், வலுவிழந்த நாளுக்கு முந்திய பத்தாண்டுகளுக்குள் இருபது வரவுகள் இருக்கவேண்டும். பத்தாண்டில் ஐந்தாண்டு உழைத்திருக்க வேண்டும் என்பது இதன் பொருள்.

இவை உழைப்புக்கான தேர்வு மட்டுமே. உடலுக்கான தேர்வு வேறு. அதனைப் பற்றி நீளப் பேசமாட்டோம். குறைந்தது பன்னிரண்டு மாதம் நீடிக்கும் அல்லது மரணத்தில் முடியும் நோயாக இருக்கவேண்டும். குறிப்பிடத்தக்க சம்பாத்தியம் தரும் எவ்வேலையும் செய்ய இயலாதிருக்கவேண்டும். அரை இயலாமைக்கு அரைப்பணம் என்பது அங்கே இல்லை. முதல் ஐந்து முழு மாதங்களுக்குப் பணமும் இல்லை. மறுக்கப்பட்டவர் அறுபது நாட்களுக்குள் மேன்முறையிடலாம். மறுபரிசீலனை, நிர்வாக நீதிபதி, மேன்முறையீட்டுச் சபை, இறுதியில் நீதிமன்றம் என நான்கு படிகள் உண்டு. முதற்படியில் மறுக்கப்பட்டுப் பின்னர் வென்றவர் அங்கே பலர்.

இங்கு கூடியிருக்கும் கமக்காரர்களும் சொந்தமாகத் தொழில் புரிபவர்களும் ஊன்றிக் கவனிக்கவேண்டிய செய்தியொன்று உண்டு. அந்நாட்டுக் கமக்காரனது உழைப்புக்குச் சாட்சி அவன் அனுப்பும் வருமான வரி விவரமே. வரியைக் குறைப்பதற்காகத் தன் வருமானத்தைக் குறைத்துக் காட்டியவன், அந்த ஆண்டிலே தான் உழைக்கவில்லை என்று தானே எழுதிக் கொடுத்தவனாகிறான். விளைச்சல் நல்ல ஆண்டில் தப்பித்த சில நூறு டொலர், கைகால் வழங்காத ஆண்டில் அவன் கழுத்தைப் பிடிக்கிறது. அன்றியும், ஆண்டு முடிந்து மூன்றாண்டு மூன்று மாதம் பதினைந்து நாட்களுக்குள் விவரம் கொடாவிட்டால், பின்னர் கொடுத்தாலும் அச்சம்பாத்தியம் ஏட்டில் ஏறாது. இன்னொன்று. கணவனும் மனைவியுமாகப் பண்ணையில் பாடுபட்டு, விவரத்தில் கணவன் பெயர் மட்டும் இருந்தால், வரவு முழுவதும் கணவனுக்கே சேரும். மனைவி விடியுமுன் எழுந்து மாடு கறந்திருப்பாள்; நாற்பதாண்டு நாற்று நட்டிருப்பாள். ஏட்டிலோ அவள் பெயரில் வெறுமைதான் இருக்கும். இவ்விடத்தில் எம் ஊர் வெங்காயத் தறைகளையும் புகையிலைத் தோட்டங்களையும் நினையாதார் யார்?

இனிக் குற்றத்துக்கு வருவோம். பத்தாண்டில் ஐந்தாண்டு என்ற அந்த விதி, பலரை அவர்கள் அறியாமலே வெளியே தள்ளிவிடுகிறது. பதினைந்து ஆண்டு ஒழுங்காக வேலை செய்த ஒரு பெண், படுக்கையில் விழுந்த தாயைப் பார்ப்பதற்காக வேலையை விடுகிறாள் என்று கொள்ளுங்கள். ஆறாண்டு கழிந்து தாய் மறைகிறாள். அடுத்த மாதமே மகளுக்குப் பக்கவாதம். விண்ணப்பித்தால், கடைசிப் பத்தாண்டில் பதினாறு வரவுகளே உள, இருபதில்லை என்ற விடை வரும். பதினைந்து ஆண்டுக் காப்புறுதி காலாவதியாகிவிட்டது. அது காலாவதியாகும் திகதி ஒவ்வொருவர் கணக்கிலும் உண்டு. வேலையில் இருக்கும்போது அதனைத் தேடிப் பார்ப்பவர் மிகச் சிலர். பார்வை இழந்தோர்க்கு மட்டும் இந்தப் பத்தாண்டு விதி இல்லை. கண்ணுக்கு இரங்கிய சட்டம் தாய்க்குப் பணிவிடை செய்தவளுக்கு இரங்கவில்லை. இத்தகையோர்க்கும், உழைக்கவே வாய்ப்பில்லாதவர்க்கும், வறுமையை மட்டும் பார்த்து உதவும் வேறொரு திட்டம் 1972 ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்பட்டு 1974 சனவரியில் தொடங்கியது. அது மீண்டும் “எவ்வளவு ஏழை?” என்ற வினாதான்.

அந்தப் பத்தாண்டு விதியை அப்படியே கொண்டுவந்து எம் மண்ணில் வைத்துப் பாருங்கள். 1995 ஒக்ரோபரிலே ஓரிரவில் வலிகாமத்தை விட்டுப் புறப்பட்டவர்களுக்கு அடுத்த பத்தாண்டில் எத்தனை ஆண்டு உழைப்பு எந்த ஏட்டில் பதிந்தது? 2009 இல் வன்னியிலிருந்து முட்கம்பி வேலிக்குள் கொண்டுசெல்லப்பட்ட கமக்காரன், தன் வயலுக்குத் திரும்பும்வரை உழைக்கவில்லை என்பது உண்மைதான். அது அவன் குற்றமா? போரிலே காலை இழந்தவனை நோக்கி, காலை இழக்குமுன் பத்தாண்டில் ஐந்தாண்டு சந்தா கட்டினாயா என்று கேட்பது சட்டமாகலாம்; நீதியாகாது. உழைப்பை அளவுகோலாக வைக்கும் எச்சட்டமும், உழைக்கவிடாது தடுக்கப்பட்ட காலத்தைக் கழித்தே கணக்கிடவேண்டும் என்பது எம் துணிபு. ‘உறைந்த கணக்கு’ என்ற ஏற்பாட்டை 1954 இலேயே அமெரிக்கர் நோயாளிக்காகக் கண்டுபிடித்தனர். அதனை அகதிக்காகவும் கேட்கலாம்.

எம் நாட்டிலே இப்பொழுது என்ன உண்டு? ஒன்றுமில்லை என்பவர் தவறு செய்கின்றனர். போதியது உண்டு என்பவர் அதனினும் பெரிய தவறு செய்கின்றனர்.

முதலாவது, 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம். வேலையின்போது வேலை காரணமாக ஏற்பட்ட காயத்துக்கு முதலாளி நட்டஈடு தரவேண்டும். எந்த உறுப்பு இழந்தால் எவ்வளவு என்று அட்டவணையே உண்டு. ஆனால் முதலாளி ஒருவன் இருக்கவேண்டும். தன் காணியில் தானே உழுபவனுக்கும், வீடுவீடாகச் சென்று ஓலை வெட்டியவனுக்கும் முதலாளி யார்? அன்றியும், வயலில் பாம்பு தீண்டாமல் வீட்டில் பக்கவாதம் வந்தால் அச்சட்டத்துக்கு அதிற் பங்கில்லை.

இரண்டாவது, 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டம். ஊழியன் 8 வீதம், வேலைகொள்வோன் 12 வீதம். நிரந்தர ஊழியர் மட்டுமன்றி, தற்காலிக ஊழியரும் நாட்கூலிகளும் இதற்கு உரித்துடையவர்கள் என்பதை எம்மிற் பலர் இன்னும் அறியார். நிரந்தரமாக முற்றாக வலுவிழந்தார் என்று வைத்தியர் உறுதிசெய்தால், 55 வயதுக்கு முன்னரே பணத்தை எடுக்கலாம். நல்லது, ஆனால் அது அவர் சேமித்த பணம். முப்பது வயதில் விழுந்தவனுக்கு எட்டாண்டுச் சேமிப்பு எத்தனை மாதத்துக்குப் போதும்? காப்புறுதி என்பது சேர்த்ததைத் திருப்பித் தருவதன்று. விழாத பலர் சேர்ந்து விழுந்த ஒருவனைத் தாங்குவதே காப்புறுதி. இன்னொன்றையும் நோக்குங்கள். சேமலாப நிதிச் சட்டம் வந்தபோது வீட்டு வேலை செய்வோர் இங்கேயும் புறத்தே விடப்பட்டனர். கடல்கடந்த நாட்டில் 1935 இல் செய்த பிழையை நாம் 1958 இல் செய்தோம்.

மூன்றாவது, 1980 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கச் சட்டத்தால் ஏற்பட்ட ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி. வேலைகொள்வோன் 3 வீதம் கட்டவேண்டும். ஊழியன் சம்பளத்தில் கைவைக்கக் கூடாது. இதில் நிரந்தர இயலாமைக்குத் தனியே ஒரு நன்மை உண்டு. சொந்தத் தொழில் புரிபவரும் விரும்பினால் அங்கத்தவராகலாம். அவ்வாறு ஆனவர் இவ்வவையில் எத்தனை பேர் என்று கேட்டால், கை தூக்குவோரை விரல்விட்டு எண்ணிவிடலாம் என அஞ்சுகிறோம்.

கமக்காரருக்கென்று உள்ளது 1987 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கமக்காரர் ஓய்வூதியச் சட்டம். 18 வயது முதல் 59 வயதுவரையுள்ள கமக்காரர் சேரலாம், சேரும் வயதுக்கேற்பச் சந்தா, அறுபதில் ஓய்வூதியம், இடையில் வலுவிழந்தால் அதற்கும் ஒரு நன்மை. கடற்றொழிலாளருக்கு 1990 இல் இதனையொத்த சட்டம் வந்தது. நோக்கம் உயர்ந்தது. ஆனால் 2012 இல் நிதி வற்றி, கமக்காரரின் ஓய்வூதியம் நின்றுபோயிற்று. ஆண்டுக்கணக்காகச் சந்தா கட்டிய முதியோர் தபாற்கந்தோருக்கு வந்து வெறுங்கையோடு திரும்பினர். 2014 இல் திறைசேரிப் பணத்தைக் கொண்டே கொடுப்பனவு மீண்டும் தொடங்கியது. அமெரிக்கச் சட்டத்தில் வரி கட்டாயமானது. நாடு முழுவதும் கட்டுகிறது. உழைக்கும் இளைஞனும் செல்வனும் ஒரே குடையின் கீழ் நிற்கின்றனர். எம் கமக்காரரின் நிதியிலோ ஏழைக் கமக்காரரே ஏழைக் கமக்காரரைத் தாங்கவேண்டியிருந்தது. ஒரே வயலுக்குப் பாய்ந்த வாய்க்கால் ஒரு வரட்சியில் வற்றியது வியப்பன்று.

ஆகவே நாம் கேட்கவேண்டியது எது என்பதில் ஐயமில்லை. கமக்காரன், கடற்றொழிலாளி, கூலி, உத்தியோகத்தன், சட்டத்தரணி, வைத்தியன் யாவரும் ஒரே நிதிக்குக் கட்டவேண்டும். அந்நிதிக்குத் திறைசேரி பொறுப்பு நிற்கவேண்டும். அதிலிருந்து வலுவிழந்தவனுக்கு மாதந்தோறும் பணம் வரவேண்டும். உத்தியோகத்தர் சிலர் முகஞ் சுளிப்பதை மேடையிலிருந்தே காண்கின்றோம். தமக்கு அரசாங்க ஓய்வூதியம் இருக்க, மற்றவரோடு ஏன் ஒரே பானையில் சமைக்கவேண்டும் என்பது அவர்கள் எண்ணம். அவர்கள் பிள்ளைகள் தனியார் கம்பனிகளில் ஒப்பந்தத்துக்கு வேலை செய்கின்றனர் என்பதை மட்டும் நினைவூட்டுகின்றோம்.

சட்டம் வரும்வரை கைகட்டியிருக்கலாமா? கூடாது. சட்டம் வரும் நாளிலும் அது முதலிற் கேட்பது ஏட்டைத்தான். எம் மக்கள் இந்த விடயத்தில் மிக அசட்டையானவர்கள். எமக்குத் தெரிந்த ஒருவர் பதினெட்டு ஆண்டு ஒரு நிலையத்தில் வேலை செய்தார். சம்பளத்திலே எட்டு வீதம் மாதந் தவறாமற் கழிக்கப்பட்டது. சிறுநீரகம் பழுதாகிப் பணத்தைக் கேட்டபோதுதான், பதினெட்டில் ஏழாண்டு கட்டப்படவேயில்லை என்று தெரிந்தது. அவர் சம்பளச் சிட்டைகளை ஒரு பழைய பிஸ்கற் தகரத்தில் போட்டு வைத்திருந்தார். அத்தகரம் இல்லாவிட்டால் அவர் சொல்லை யார் நம்பியிருப்பர்? அந்தத் தகரத்தைக் கொண்டே வழக்காடி மீட்டனர்.

பெயர் விடயமோ எம்மவர்க்கு ஒரு தனித் துன்பம். பிறப்புப் பத்திரத்தில் தந்தை பெயர் முன்னே. அடையாள அட்டையில் முதலெழுத்து மட்டும். சேமலாப நிதி அட்டையில் சிங்கள உச்சரிப்பில் ஆங்கில எழுத்து. ஒரே மனிதன் மூன்று மனிதராகி நிற்கிறான். மூவரில் எவன் உழைத்தான் என்று உத்தியோகத்தர் கேட்கிறார். மலையகத் தோட்டங்களில் இதனால் முதியோர் படும் பாடு சொல்லுந்தரமன்று. 1987 இன் பின் தமிழும் அரச கரும மொழியாயிற்று என்று அரசியலமைப்பிலே எழுதியிருக்கிறது. அப்படியாயின், தமிழனின் பெயரைத் தமிழில் எழுதி, அந்த எழுத்தையே ஆதாரமாகக் கொள்ளும்படி கேட்க எமக்கு உரித்துண்டு. அதைக் கேட்பதும் மொழிப் போராட்டந்தான். மேடையில் முழங்குவதைவிட அது கடினம், ஏனெனில் வரிசையில் நிற்கவேண்டும்.

கமக்காரர் தம் மனைவியர் பெயரையும் கமநல சேவை நிலையத்துப் பதிவில் ஏற்றுங்கள். காணி உங்கள் பெயரில் இருக்கலாம், உழைப்பு இருவருடையது. கூலிக்கு ஆள் வைப்போர், ஒரு கொப்பியிலாவது திகதியும் கூலியும் எழுதி, வேலை செய்தவர் கையொப்பம் பெற்று, ஒரு பிரதியை அவரிடம் கொடுங்கள். இது உங்களுக்குச் செலவில்லாத அறம். வேலைகொள்வோராக இருக்கும் எம் கடைக்காரரும் ஆலைக்காரரும் நாட்கூலிகளுக்கும் சேமலாப நிதி கட்டுங்கள். சிங்கள அரசாங்கம் எம்மை ஏட்டிலிருந்து நீக்கிற்று என்று முறையிடும் நாமே, எம்மிடம் உழைத்தவனை எம் ஏட்டில் ஏற்றாது விட்டால், எம் முறைப்பாட்டை யார் மதிப்பர்? இவ்வளவு கடுமையாகச் சொன்னதற்கு மன்னிக்கவேண்டும். ஓலை வெட்டியவருக்கு நாமும் பல ஆண்டு கூலி கொடுத்திருக்கிறோம். ஒரு துண்டுக் காகிதமும் கொடுத்ததில்லை.

நேரமாகிவிட்டது, தலைவர் அவர்கள் மணியைப் பார்க்கிறார். மண்டபத்தின் பின்பக்கத்து மேசையிலே சட்டத்தரணிகள் இருவரும், ஓய்வுபெற்ற தொழிற்றிணைக்கள உத்தியோகத்தர் ஒருவரும் அமர்ந்திருக்கிறார்கள். சேமலாப நிதி இலக்கம், அடையாள அட்டை, கமக்காரர் சந்தாப் புத்தகம் ஆகியவற்றைக் கொண்டுவந்தவர்கள் அவர்களிடம் காட்டிப் பெயரும் இலக்கமும் பொருந்துகின்றனவா என்று பார்த்துக்கொள்ளலாம். கொண்டுவராதவர்கள் அடுத்த ஞாயிறு இதே மண்டபத்துக்குக் காலை ஒன்பது மணிக்கு வரவும்.